பெண் பார்க்கப் போன பாரோமீட்டர்

அரைகுறைப் படிப்பு ஆபத்தானது. அதன் கையில் ஒரு கருவியும் கிடைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு.

ஐம்பதுகளின் கடைசியில் பழனியில் வானிலைப் பைத்தியம் பிடித்து அலைந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் என் நண்பன் சுப்பையா, இன்னொருவன் நான். சித்திரை பிறந்தால் போதும், மலைப்பக்கம் கூடும் மேகத்தைச் சைக்கிளில் துரத்துவோம். இடிமழை எந்தப் பக்கம் இறங்கும் என்று கடைவீதியில் நின்று ஆரூடம் சொல்வோம். (எப்போதாவது ஒன்று பலிக்கும். அதைப் பற்றியே வருஷம் முழுக்கப் பேசுவோம்.) ஊரைவிட்டுப் போன யாரோ ஒரு வெள்ளைக்காரரின் பாரோமீட்டர் மதுரைப் பழைய சாமான் கடையில் கிடைத்தபோது எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. வட்ட முகம், ஒற்றை முள். முள் ஏறினால் நல்ல வெயில், இறங்கினால் மழை, இன்னும் இறங்கினால் புயல். வேறென்ன தெரிய வேண்டும்?

அந்த வாரம்தான் அண்ணனுக்குக் கொடைக்கானலில் பெண் பார்க்கக் கிளம்பினோம். பல ஜாதகங்கள் தட்டிப்போய்க் கடைசியாகக் கூடிவந்த இடம். பெண்ணின் அப்பாவுக்கு அங்கே உருளைக்கிழங்கு மண்டி. வாடகைக்குப் பிடித்த பிளசர் காரில் அப்பா, அம்மா, புதுச் சட்டையில் அண்ணன், மடியில் பாரோமீட்டரோடு நான்.

வத்தலக்குண்டு தாண்டி மலைப்பாதையில் ஏறியதும் முள் இறங்க ஆரம்பித்தது. வளைவுக்கு வளைவு இறங்கியது. மழையைக் கடந்தது, புயலைக் கடந்தது, எழுத்தே இல்லாத இடத்தில் போய் நின்றது. வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

“ஏலே, வானம் வெளுத்துக் கெடக்கு. எங்கடா புயல்?” என்றார் அப்பா.

“வானத்தை நம்பாதீங்கப்பா. இதை நம்புங்க.”

முந்தின வாரம்தான் கோடைக் காற்றில் மரம் விழுந்து அந்தப் பாதையே அடைபட்டிருந்தது. அம்மா முருகனைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். அப்பாவும் மனம் மாறினார் (பி.ஏ. படித்த பிள்ளை ஆயிற்றே). டிரைவர் முனகிக்கொண்டே வண்டியைத் திருப்பினார்.

கீழே போகப் போக முள் ஏறியது. பார்த்தீர்களா, புயலிடமிருந்து தப்பிவிட்டோம் என்று எல்லாருக்கும் நிரூபித்தேன். அண்ணன் மட்டும் பின்கண்ணாடி வழியாக மலையையே பார்த்துக்கொண்டு வந்தான்.

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனோம். முந்தின நாள் சொந்தபந்தங்களைக் கூட்டி வைத்துக்கொண்டு பொழுது சாயும்வரை காத்திருந்த பெண்ணின் அப்பா, எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

“நேத்து இங்க பூண்டு காயப் போட்டிருந்தோம், அம்புட்டு வெயிலு. இஷ்டமில்லைன்னா நேராச் சொல்லியிருக்கலாமுங்க. புயலு கியலுன்னு கதை எதுக்கு?”

அண்ணன் முகம் செத்துவிட்டது. இந்த இடமும் போச்சு, அதுவும் என்னால் போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. கையோடு கொண்டுபோயிருந்த சாட்சியை அவசரமாகப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். “நீங்களே பாருங்க. இப்பவும் புயலைத்தான் காட்டுது.” ஜன்னலுக்கு வெளியே வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது.

உள்ளறைக் கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்பு வெடித்தது. மிஷன் பள்ளியில் படித்த பெண்.

“அப்பா, மலை ஏறினா காத்தழுத்தம் கொறையும். முள்ளு எறங்கத்தான செய்யும்? எட்டாப்புலயே சொல்லிக் குடுத்தாங்க.”

சொல்லி முடிப்பதற்குள் மறுபடியும் சிரிப்பு. மண்டிக்காரருக்கும் அடக்க முடியவில்லை. நாற்காலி போடச் சொன்னார். அண்ணனோ, பெண்ணின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே தனக்குச் சம்மதம் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான்.

திரும்பும்போது நிஜமான கோடை மழை பிடித்துக்கொண்டது. இடியும் மின்னலுமாக, எதிரே பாதை தெரியாமல் கார் ஊர்ந்தது. என் மடியில் முள் நிதானமாக ஏறி, நல்ல வெயிலைக் காட்டிக்கொண்டிருந்தது. யாரும் பார்ப்பதற்குள் துண்டால் மூடினேன்.

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இன்றும் நான் மாடிப்படியில் கால் வைத்தால் போதும், அடுக்களையிலிருந்து குரல் வரும்.

“பார்த்து ஏறுங்க கொழுந்தனாரே, மேல புயலடிக்கும்.”