வண்ணக்கசிவு அடைத்த படலம்

வாழ்க குழாய்க்குலத் திலகம்! ஒழுகும் குழாய்களுக்கெல்லாம் கூற்றுவன், ஊர்ப்பட்ட குளியலறைகளின் காவலன், சுவருக்குள் ஒளிந்த கசிவையும் காதை வைத்தே கண்டுபிடிக்கும் பேராற்றலன், ஒரு விடுமுறை மாலையில் ஸ்பேனரைத் துறந்து, மகள் பழசென்று தள்ளிய டேப்லெட்டை மடியிலேந்தி, அதன் பேனாவை வாளென உருவி, சன்னலோர நாற்காலியில் பக்கவாட்டில் வீற்றிருந்த தன் மனையாளை வரையப் புகுந்த வீரத்தைச் சொல்கின்றோம். கேட்போர் சிரிக்காதிருக்கக் கடவர்.

போரின் காரணம் இது. டேப்லெட் கைக்கு வந்த நாள்முதல் நம் வீரன் ஆப்பிள் வரைந்தான், பலர் அதைப் பந்தென்றனர். பூனை வரைந்தான், அதை எவரும் எதுவென்றும் சொல்லவில்லை. ஆயினும் கோடு விழும்போதெல்லாம் அவனுக்குத் தலைகால் புரியாத ஆனந்தம். ஃபியூஸ் போன விளக்கு அப்படியே கிடந்தது. பொறுமையிழந்த இல்லத்தரசி, சலவை இயந்திரத்தை முடுக்கிவிட்டுப் பிரகடனம் செய்தாள்: “மிஷின் நிக்கிற வரைக்கும்தான் உக்காருவேன். படம் என்னை மாதிரி வரலன்னா, நாளைக்கே இத அக்கா பொண்ணுகிட்ட குடுத்துடுவேன்.”

நெற்றி வந்தது. மூக்கு, ஏதோ ஒரு மூக்கு, வந்தது. தாடையருகே கை நின்றது. அங்கே தாடைக்கு அடியில் இன்னொரு தாடை, ஒளிவுமறைவின்றி உட்கார்ந்திருந்தது. வரைந்தால் வீட்டில் சோறு கிடைக்காது. அஞ்சாநெஞ்சன் அந்த இடத்தை மட்டும் கோடின்றி விட்டு, நல்ல பிள்ளையாகக் கழுத்துக்கு நகர்ந்தான்.

பின், கோடு அடைத்த இடத்தை ஒரே தொடலில் வண்ணத்தால் நிரப்பும் வாளிச் சின்னத்தைத் தொட்டு, மாநிறத்தைக் கன்னத்தில் கவிழ்த்தான். ஐயகோ! மதகுடைத்த ஏரியெனப் பாய்ந்த வண்ணவெள்ளம் நாற்காலியை விழுங்கி, சன்னலை விழுங்கி, வெளியே மேகத்தையும் விழுங்கித் திரையின் நாற்கரையும் தொட்டது. இருவிரலால் தட்டி வெள்ளத்தைப் பின்வாங்கச் செய்தான், மறுபடி ஊற்றினான், மறுபடி வெள்ளம். காதோரம் அடைத்தான், கூந்தலில் அடைத்தான், மூக்குத் துளையைக்கூட அடைத்தான். ஊரார் வீட்டுக் கசிவையெல்லாம் நிறுத்தியவனுக்குச் சொந்தப் பெண்டாட்டியின் முகம் ஒழுகியது! அவனுக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஓட்டை எங்கே என்று தெரியாதவனா அவன்? தெரிந்துகொண்டேதான் மற்ற இடமெல்லாம் தேடினான்.

உள்ளே சலவை இயந்திரம் கடைசிச் சுழற்சிக்கு முரசறைந்தது. வரையாவிட்டால் டேப்லெட் போகும், வரைந்தால் மானம் போகும் எனக் கலங்கிய மாவீரன், வருவது வரட்டுமெனப் பல்லைக் கடித்து, அந்த இரண்டாம் தாடையை உள்ளது உள்ளபடி ஒரே வீச்சில் வளைத்திழுத்தான். வண்ணம் ஊற்றினான். ஒரு சொட்டு வெளியேறவில்லை.

இயந்திரம் நின்றது. அவள் எழுந்து வந்து டேப்லெட்டை வாங்கி, எட்ட வைத்தும் பார்த்தாள், கிட்ட வைத்தும் பார்த்தாள். மூக்கு யாருடையதோ என்றாள். காது கழுத்திலிருக்கிறது என்றாள். பிறகு அவள் விரல் மெல்ல இறங்கித் தாடையில் நின்றது.

“இது மட்டும் அச்சு அசல் நான்தான்,” என்று சிரித்துவிட்டாள். “சரி, வச்சுக்கோங்க.”

வென்றான் வெள்ளம் தடுத்த வேந்தன்! வானோர் பூமாரி பொழிய, திசையெட்டும் வாழ்த்தொலி எழ, டேப்லெட்டை மார்போடணைத்து அறை நடுவே ஒரு சுற்றுச் சுற்றினான்.

அப்புறம் அவர் துணி காயப்போடப் போனார்.