மாமியின் மண் முடிச்சு

நான் பயந்தாங்கொள்ளி. அதை ஒத்துக்கொள்ள எனக்கு இத்தனை வருடம் எடுத்தது. என் மாமிக்கு அதைக் கண்டுபிடிக்க ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் கலியாணம் முடித்து, கிழக்கிலங்கையின் கல்முனைக்குடியில் மனைவி வீட்டுக்குக் குடிவந்தேன். (எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் வீடு மாறுவான்.) மாமி என் முன்னால் வரமாட்டார். சொல்ல வேண்டியதைத் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்லுவார். எனக்கு அவர் குரல் தெரியும், நடை தெரியாது. மூன்று வேளையும் மீனும் இறைச்சியுமாக வந்தது. இவ்வளவு கவனிப்பு எதற்கு என்று அதிலேயே எனக்குச் சந்தேகம்.

தினமும் பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு மாமியின் அறைக் கதவு சாத்தப்படும். உள்ளே முனகல். கூடவே என் மனைவி ஹப்ஸாவின் குரல்: "ஏழு... எட்டு... இன்னும் கொஞ்சம் உம்மா."

"உள்ளுக்கு என்ன நடக்குது?" என்று அவளைக் கேட்டேன்.

"ஒண்டுமில்ல," என்றாள்.

ஒன்றுமில்லாததற்கு யார் கதவைச் சாத்துவார்கள்? இருவரும் கலியாண வீடொன்றுக்குப் போன நேரம் அறைக்குள் நுழைந்தேன். கட்டிலுக்குக் கீழே, நாடா வைத்த இரண்டு துணி முடிச்சுகள். அவிழ்த்தால் மண்! செய்வினைதான், சந்தேகமே இல்லை. ஓதிப் பார்க்கும் லெப்பையிடம் ஓடினேன். அவர் முகர்ந்து பார்த்து, "இது கடற்கரை மண் தம்பி," என்றார். (அவர் மாமிக்குத் தூரத்துச் சொந்தம். அவரையும் சந்தேகித்தேன்.) நேரே போய் இரண்டையும் கடலில் வீசினேன்.

அன்று அசருக்குப் பிறகு வீடே தலைகீழானது. நான் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்திருந்தேன். திரைச்சீலை விலகியது. மாமி சுவரைப் பிடித்து நொண்டி நொண்டி வந்து என் முன்னால் நின்றார்.

"மருமகன், என்ட முழங்கால் மருந்து எங்க?"

"கடல்ல எறிஞ்சிட்டன் மாமி. செய்வினை எண்டு நினைச்சன்."

"செய்வினையா! மண்ணக் காலுல கட்டித் தூக்கினா முட்டிக்குப் பலம் வரும் எண்டு டொக்டர்தான் சொன்னாரு. ரெண்டு வருஷமா கதிரையில இருந்து தொழுறன். நோன்பு வாறதுக்குள்ள நெத்திய நிலத்துல வெச்சுத் தொழணும் எண்டுதான் இந்தப் பாடு. நீங்க சிரிப்பீங்க எண்டு கதவச் சாத்தினன்."

வெட்கத்தில் காது சுட்டது. மண் அள்ளச் சாக்குப் பையை எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு நடந்தேன். அன்றிலிருந்து திரைக்கு வெளியே இருந்து எண்ணுவது என் வேலை. நான் வேகமாக எண்ணினால் மாமி என்னைச் சந்தேகப்படுவார்.

நோன்பின் முதல் நாள் மாமி நெற்றியில் பாயின் தடத்தோடு வெளியே வந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இன்றும் வீட்டில் சாவி காணாமல் போனால் ஹப்ஸா என்னிடம் கேட்பதில்லை. பிள்ளைகளிடம்தான் சொல்வாள்: "கடலுக்குப் போய்ப் பாருங்க. வாப்பா பயந்திருப்பாரு."