அறுபத்தெட்டு டிகிரியில் மெஹ்ரினின் சர்வர்

அன்பு மச்சான் முபினுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போடியில் நானும் உன் அக்கா கமர்நிசாவும் சுகம். கம்பத்தில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். உன் மருமகள் மெஹ்ரினும் சுகம்தான், பெற்ற தகப்பன் என்னோடு மட்டும் பேசுவதில்லை. மூன்று நாளாயிற்று.

விஷயம் என்னவென்றால், நூறு பேர் ஒரே நேரத்தில் சுட்டு விளையாடுகிற ஆன்லைன் ஆட்டத்துக்குச் சர்வர் நடத்த, கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று மெஹ்ரினுக்குச் சோதனை வைத்தது. நம் ஏலக்காய் குடோன் மாடியில் மெஷினை வைத்தாள். அதற்குள் கர்னல் என்று ஒன்று இருக்கிறதாம், ஏலம் விடுகிறவர் மாதிரி எந்தச் சோலிக்கு எப்போது முறை என்று அதுதான் சொல்லுமாம். அதில் நேற்று வந்த புதுசும் இருக்கிறது, வருஷக்கணக்காக ஓடித் தேறிய பழசும் இருக்கிறது. "புதுக் காய்க்குத்தானே மவுசு, அதைப் போடு" என்றேன். "அத்தா, இது நிறம் பாத்து எடுக்குற சரக்கில்ல. திக்காம ஓடணும்" என்று பழசையே போட்டு, முழு வேகத்தில் ஓடும்படி முறுக்கியும் வைத்தாள். சோதனையன்று அவள் சாப்பிடப் போனாள், நான் காவலுக்கு உட்கார்ந்தேன். திரையில் சூடு அறுபத்தெட்டு டிகிரி! மச்சான், முப்பது வருஷமாக மலை ஸ்டோர் சூட்டறையில் காய் உலர்த்துகிறவன் நான், ஐம்பத்தைந்தைத் தாண்டினாலே காயின் பச்சை நிறம் செத்துப்போகும், நான் சும்மா இருப்பேனா? பக்கத்திலேயே 'மின்சாரச் சிக்கனம்' என்றொரு பொத்தான். மௌஸைத் தட்டி அமுக்கிட்டேன். சூடு வெரசா இறங்குச்சு, எனக்குப் பெருமை தாங்கல. ஆனா ஆட்டத்துல ஓடினவன் ஓடினபடி, குதிச்சவன் அந்தரத்துல குதிச்சபடி நின்னுட்டான். எச்சில் கையோடு ஓடிவந்த மெஹ்ரின், "என்னத்தத் தொட்டீங்க அத்தா?" என்று அழுதுவிட்டாள். என்னால் பொறுக்க முடியவில்லை மச்சான். கம்ப்யூட்டரில் நடக்கிற காய் ஏலத்தில் நான் பட்டனை அமுக்கியும், ஒரு நொடித் தாமதத்தில் ராசிங்காபுரத்துக்காரன் நல்ல லாட்டைத் தட்டிக்கொண்டு போனபோது நான் குதித்த குதி உனக்குத் தெரியும். அதே வயிற்றெரிச்சல்தான் அந்த நூறு பேருக்கும் என்று இப்போதுதான் உறைக்கிறது.

கம்பெனி ஞாயிற்றுக்கிழமை இன்னொரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறது. அதிலும் திக்கினால் வேலை போச்சு. நீ அவளுக்குப் போன் போட்டு, "உங்க அத்தா இனி அந்த மாடிப்படியையே மிதிக்க மாட்டார், சத்தியம் பண்ணிட்டார்" என்று சொல். தாய்மாமன் சொன்னால் கேட்பாள்.

உன் வீட்டில் பரக்கத் நிறையட்டும். உன் மாமியாருக்கு ஸலாம்.

இப்படிக்கு,
மாடி ஏறாத
நாகூர் கனி

பி.கு.: கடிதத்தை ஒட்டும்போது மாடியிலிருந்து மெஹ்ரினே, "அத்தா, வெரசா மேல வாங்க" என்றாள். நூறு பொய் ஆட்டக்காரர்களை விட்டு ஒத்திகை பார்த்தாளாம். அரை மணியில் சூடு ஏறி, மெஷின் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறதாம். அன்று நான் தொடாவிட்டாலும் திக்கித்தான் இருக்குமாம், அவளே சொன்னாள்! போய்ப் பார்த்தால் மெஷினைத் தரையோடு தரையாக வைத்திருக்கிறாள், அதன் முதுகை ஒட்டிச் சாக்கு மூட்டை வேறு. "அடியில காத்துப் போகாம எதும்மா தாங்கும்?" என்று, காய் உலர்த்துகிற கம்பித் தட்டில் அதைத் தூக்கி வைத்து மூட்டையை நகர்த்தினேன். இரண்டு மணி நேரமாக அறுபதிலேயே நிற்கிறது, திக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சூடு பார்க்கிற சோலி எனக்குத்தான். ஆகவே நீ போன் போட வேண்டாம், சத்தியத்தையும் மறந்துவிடு. மௌஸை மட்டும் அவள் தன் கைப்பையில் வைத்துக்கொள்வாளாம்.