ஓடைவாய்ப் பங்கு

எந்த வரைபடத்திலும் இடம்பிடிக்காத நாடு அது. மேட்டுத் தெருக்களில் பெய்யும் மழையையெல்லாம் வாங்கிக்கொண்டு, பள்ளத்தெரு வழியாக ஏரிக்குப் போகும் ஓர் ஓடைதான் அந்த நாட்டின் உயிர். அங்கே குழந்தை பிறந்தால், பெயர் வைக்கிற அன்றே ஓடையில் ஒரு பங்கையும் கொடுத்துவிடுவார்கள். அது வளரும்வரை வீட்டாரும், வளர்ந்தபின் அதுவுமாக, மழைக்கு முன் அந்தப் பங்கைத் தூர்வார வேண்டும். ஓடை ஏரியில் விழும் இடத்துக்கு ஓடைவாய் என்று பெயர். ஊர்ச் சேறெல்லாம் வந்து சேரும் இடம். அந்தப் பங்கு யாருடையதோ அவரே அரசர். நாட்டின் முதல் சட்டம் அது. நெடுங்காலம் வேறு சட்டமே தேவைப்படவில்லை.

கோலவேந்தர் அந்த வழியில் வந்த அரசர். அவரைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். குழந்தைகளைக் கண்டால் பல்லக்கை நிறுத்துகிறவர். ஆனால் அவருக்கு ஒரு மகாமந்திரி வாய்த்தார்.

"மன்னா, முடிசூடிய தலை குனிந்து சேறு அள்ளுவது நாட்டுக்கே இழுக்கு. தங்கள் சார்பில் ஆண்டுதோறும் ஒரு வண்டி மாலை அனுப்பி ஓடைவாய்க்குச் சாத்துவோம்" என்றார் மகாமந்திரி. அரசருக்கு இடுப்புவலியும் இருந்தது. சரி என்றுவிட்டார்.

மாலைகள் அழுகின. நாரும் சேறும் சேர்ந்து ஓடைவாய் அடைத்துக்கொண்டது. மழைத் தண்ணீர் போக்கிடமில்லாமல் பள்ளத்தெருவுக்குள் திரும்பியது. மக்கள் அரண்மனை வாசலில் போய் நின்றார்கள்.

"எங்க பங்கையெல்லாம் வாரிட்டோம் சாமி. வாய்தான் அடைச்சுக் கெடக்கு."

மகாமந்திரி ஆழ்ந்து யோசித்தார். குடிகள் தங்கள் பங்கை வாருவதால்தானே அரசர் வாராதது வெளியே தெரிகிறது? மறுநாளே பறை அறைந்தார்கள்: 'குடிகள் எவரும் இனித் தம் பங்கில் கைவைக்கலாகாது.' அதற்கடுத்த மழையில் தண்ணீர் அடுப்படிவரை வந்தது. உடனே இன்னொரு சட்டம்: 'வீட்டுக்குள் வந்த நீர் அரசரின் விருந்தாளி. அதை இறைத்து வெளியே கொட்டுவது அவமரியாதை.' அடப்பாவிகளா! விருந்தாளி போகிறபோது காய்ச்சலைக் கொடுத்துவிட்டுப் போனார். பள்ளத்தெரு மாரிக்கண்ணுவின் முதல் பிள்ளை அந்தக் காய்ச்சலில்தான் போனது.

மறு வருஷம் மாரிக்கண்ணு மறுபடி நிறைமாதம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் அவளுக்கு வலி கண்டது. தண்ணீர் கட்டிலைத் தொட்டது. பக்கத்து வீட்டுச் செவந்தியக்கா நாலு வீட்டு உரலைக் கொண்டுவந்து கட்டில்கால்களுக்கு முட்டுக்கொடுத்தாள். தண்ணீர் உரலையும் மூடியது.

"இதையும் தண்ணிக்குக் குடுத்துடுவேனாக்கா?" என்றாள் மாரிக்கண்ணு, அக்காவின் கையை விடாமல்.

"வாயக் கழுவுடி. நாங்கல்லாம் செத்தா போயிட்டோம்?"

மாரிக்கண்ணுவின் புருஷன் பொன்னுரங்கன் கூடையை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கினான். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. தெருவே கூடையும் மண்வெட்டியுமாகப் பின்னால் நடந்தது. ஓடைவாயில் ஈட்டியோடு ஒரு காவலன் நின்றான். அவனும் பள்ளத்தெருவில் பிறந்தவன்தான். அவன் கூட்டத்தைப் பார்த்தான், பொன்னுரங்கன் முகத்தைப் பார்த்தான். பிறகு மிகுந்த கடமையுணர்ச்சியோடு சட்டத்தை விளக்கினான்.

"அவங்கவங்க பங்குல கைவெக்கக் கூடாதுன்னுதான் உத்தரவு. இது அரசரு பங்கு. இதத் தொடக் கூடாதுன்னு யாரும் சொல்லலியே."

சொல்லிவிட்டு ஈட்டியைக் கீழே வைத்து, முதல் பிடி சேற்றை அவனே அள்ளினான்.

இடுப்பளவு தண்ணீரில் நின்று, அழுகிய மாலைகளைக் கையால் பிடுங்கி எறிந்தார்கள். குமட்டியவர்கள் குமட்டிவிட்டு மறுபடி அள்ளினார்கள். உச்சிப்பொழுதுக்கு ஓடைவாய் திறந்துகொண்டது. பள்ளத்தெருவில் உரல்கள் மெல்ல வெளியே தெரிந்தன. கட்டிலடியில் ஈரத்தரை தெரிந்தபோது உள்ளே குழந்தை அழுதது. சேற்றுக்கையோடு பொன்னுரங்கன் வாசலிலேயே நின்று தேம்பித்தேம்பி அழுதான். பெண் குழந்தை.

பெயர் வைக்கிற அன்று வழக்கப்படி செவந்தியக்கா கேட்டாள்.

"எந்தப் பங்குடி குடுக்கறது பிள்ளைக்கு?"

"இவளுக்காக நீங்கல்லாம் அள்ளின எடந்தான்க்கா. அது சும்மாதானே கெடந்துச்சு?"

முதல் சட்டம் எல்லோருக்கும் தெரியும். ஒருவர் பின் ஒருவராக வந்து, "எங்கம்மா, எங்க தாயி" என்று குழந்தையின் பிஞ்சுக் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

அரண்மனைக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. மகாமந்திரி இன்னும் சட்டம் எழுதுகிறார். கோலவேந்தர் இன்னும் மாலை அனுப்புகிறார். பள்ளத்தெருக்காரர்கள் வண்டியை மரியாதையாக நிறுத்தி, மாலைகளை இறக்கி, அரசியின் தூளியில் கட்டிவிடுகிறார்கள். அரசிக்கு இன்னும் பல் முளைக்கவில்லை.