இடது கால்தான் முதலில்

தப்பைப் பார்த்தால் திருத்தாமல் என்னால் இருக்க முடியாது. அலுவலகத்தில் இதற்கு நல்ல பெயர் உண்டு. வீட்டில் வேறு பெயர் (அதை இங்கே எழுதுவதாக இல்லை). சேலையூரில் நான் பட்ட அவமானத்துக்கு இந்தக் குணம்தான் காரணம்.

சண்டை ஒரு போஸ்டரில் ஆரம்பித்தது. நான் புதிதாகப் பெயின்ட் அடித்து வைத்த சுவரில், பிளஸ் டூ படிக்கும் என் மகள் ஷெரின், ஆறு கொரியப் பாடகர்களை ஒட்டினாள். ஒருவன் தலை ஊதா, இன்னொருவன் தலை பச்சை. படிக்கும்போது அவர்கள் பாட்டு, சாப்பிடும்போது அவர்கள் பேச்சு. ஊதாத் தலையன் காலையில் எலுமிச்சைத் தண்ணீர் குடிக்கிறானாம். உடனே இவள் காபியை நிறுத்திவிட்டாள். அதையேதான் நானும் வருடக்கணக்கில் சொன்னேன். நான் சொன்னால் தொணதொணப்பு, அவன் சொன்னால் வேதவாக்கு.

அந்த டிசம்பரில் எங்கள் சபையின் வாலிபர்கள் ஒரு முடிவெடுத்தார்கள். வீடு வீடாகப் போகும் கேரல் ரவுண்ட்ஸில், கிறிஸ்துமஸ் தாத்தா அந்த ஆறு பேரின் ஸ்டெப்பைத்தான் ஆடுவாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூட்டத்தில் எழுந்து, செல்போனில் வருகிறவன் எல்லாம் நம் பிள்ளைகளுக்கு முன்மாதிரியா என்று பொரிந்து தள்ளினேன். இந்த வருடம் தாத்தா வேஷம் எனக்கு; கை குலுக்குவேன், மிட்டாய் கொடுப்பேன், ஆட மாட்டேன் என்று அறிவித்தேன்.

ஷெரின் எழுந்தாள்.

"சரிப்பா. எல்லா வீட்டுக்கும் ஆடாம போயிட்டு வாங்க, போஸ்டரை நானே கிழிச்சிடறேன். ஆடிட்டீங்கன்னா அது அங்கயேதான் இருக்கும். அப்புறம் அதப் பத்தி ஒரு வார்த்த பேசக் கூடாது."

சபையே சாட்சி.

முகமூடி, பஞ்சுத் தாடி, வயிற்றில் தலையணையோடு கிளம்பினேன். போன வீடெல்லாம் பிள்ளைகள் ஆடச் சொல்லிக் கெஞ்சினார்கள். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு குட்டிப் பெண், இது டூப்ளிகேட் தாத்தா என்று அழுதேவிட்டாள். நான் அசையவில்லை. போஸ்டர் இல்லாத சுவர் கண்ணில் தெரிந்தது.

கடைசி வீடு கிரேஸ் டீச்சருடையது. ட்ரம்ஸில் அந்த ஆறு பேரின் பாட்டு ஆரம்பித்தது. நான்தான் ஆடவில்லையே, அதனால் எங்கள் வாலிபர் குழுவின் ஜோயலும் மற்ற பையன்களும் வாசலில் வரிசையாக நின்று ஆடினார்கள்.

தப்பாக ஆடினார்கள்.

வலது காலை முன்னால் வைத்தார்கள். அந்தப் பாட்டில் இடது கால்தான் முதலில். கை தோளைத் தொட்ட பிறகுதான் திரும்ப வேண்டும். (மாதக்கணக்கில் ஹாலில் ஒருத்தி இதையே ஆடிக்கொண்டிருந்தால், பேப்பர் படிக்கிறவனுக்குத் தெரியாமல் போகுமா?) முதல் தடவை பல்லைக் கடித்துக்கொண்டேன். மறுபடியும் வலது கால்.

"டேய் ஜோயல், எடதுடா, எடது. இங்க பாரு."

காட்டினேன். ஆரம்பித்ததைப் பாதியில் விடுவது என் பழக்கமில்லை. தோளைக் குலுக்கினேன், சுழன்றேன். தலையணை நழுவி முழங்காலுக்கு வந்தது. முகமூடி கழன்று குரோட்டன்ஸ் தொட்டியில் விழுந்தது. கடைசியில், ஊதாத் தலையன் செய்வது போலவே, இரண்டு விரலைச் சேர்த்து இதய வடிவமும் காட்டினேன்.

ட்ரம்ஸ் நின்றது. எல்லாக் கையிலும் செல்போன்.

"ஸ்டெப் கரெக்டுப்பா," என்றாள் ஷெரின். "போஸ்டர் இருக்கட்டும்ல?"

வீடியோ தாம்பரத்தைத் தாண்டிப் போய்விட்டது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பூந்தொட்டி விற்பவர், "சார், நீங்க அந்த டான்ஸ் தாத்தா தானே?" என்று விலையைக் குறைத்தார். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்வதில்லை. இரண்டு விரலைத்தான் காட்டுகிறார்கள்.

பாடகர்கள் முன்மாதிரி ஆகக் கூடாது என்ற என் கருத்தில் இன்றும் மாற்றமில்லை. ஆனால் அதைச் சொல்ல வாய் திறந்தாலே, சமையலறையிலிருந்து என் மனைவி, "எடதுடா, எடது" என்கிறாள்.

போஸ்டர் அதே சுவரில் இருக்கிறது. ஆறு பேருக்குப் பக்கத்தில் ஏழாவதாக, முழங்காலில் தலையணையோடு என் படத்தையும் ஷெரின் ஒட்டியிருக்கிறாள். கோணலாக ஒட்டியிருந்தாள். நான்தான் எடுத்து நேராக ஒட்டினேன்.