ஏன் என்று கேட்டால் என் பெயர்

ஒரு பெண்ணின் அறிவைக் கொம்பியூட்டருக்குள் போட்டு, மேலே குணரத்தினம் என்ற என் பெயரை ஒட்டியவன் நான்.

நாளை ஊரடங்கா, கடையடைப்பா என்று எவருக்கும் தெரியாத காலம் அது. அப்போதும் கண்டியில் ஒரு கட்டடத்துக்கு எந்த வேலை முதலில், எது பிறகு என்று பிசகாமல் திட்டமிடக்கூடியவர் எங்கள் நிறுவனத்தில் ஒருவர்தான்: மடவளையிலிருந்து வரும் பொறியியலாளர் ரிஸ்வானா. லொறி வராவிட்டாலும் மேசன்மார் வராவிட்டாலும் அவரிடம் மாற்று வழி இருக்கும். (என்னிடம் பட்டமும் கழுத்துப்பட்டியும் இருந்தன.)

அவரைக் கேட்டுக் கேட்டு விதிகளாக்கி, அவரைப் போலவே யோசிக்கும் நிரல் ஒன்றை எழுதினேன். கட்டட விவரம் கொடுத்தால் வேலைகளை வரிசைப்படுத்தும். 'ஏன்' என்று கேட்டால் காரணமும் சொல்லும். காரணங்களைத் தட்டச்சு செய்யும் சலிப்பான வேலையை அவரிடமே விட்டேன்.

"நடந்ததெல்லாம் எழுதட்டா சேர்?"

"ஓம் பிள்ளை, மெசினுக்குப் பொய் சொல்லக் கூடாது."

முடித்துவிட்டு, "ஒருக்கா வாசிச்சிப் பாருங்க சேர்" என்றார். நான் வாசிக்கவில்லை. முதல் திரையிலிருந்த அவர் பெயரை அழிக்க மட்டும் நேரம் கிடைத்தது. திட்டமிடல் பிரிவுக்கு முதலாளி தலைவர் தேடிக்கொண்டிருந்தார். அவருக்கு நிரலைக் காட்டும் நாளன்று ரிஸ்வானாவை வத்தேகம வேலைத்தளத்துக்கு அனுப்பிவிட்டேன்.

முதலாளி தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளுக்குக் கூரை போட்டு முன்னேறியவர். தண்ணீர்த் தாங்கியை மாடியில் ஏற்றிய பிறகே சுவர் என்றது திரை.

"ஏன்னு கேளுங்க."

விசையை அழுத்தினேன். 'கட்டுகஸ்தோட்டையில் குணரத்தினம் சேர் சுவரை முதலில் கட்டினார். தாங்கி வாசலால் போகவில்லை. சுவர் உடைக்கப்பட்டது.'

முதலாளி கதிரையை முன்னே இழுத்தார். வயர் இழுத்த பிறகே பெயின்ற். ஏன்? குணரத்தினம் சேர். ஊரடங்குக்கு வாய்ப்பிருந்தால், பக்கத்திலிருந்து நடந்து வந்து தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் கொங்கிறீட் போடாதே. ஏன்? மீண்டும் நான்.

"இந்த மிஷினுக்கு ஒங்க மேல இவ்வளவு பாசமா? யாருங்க சொல்லிக் குடுத்தது?"

பொய் ஒன்று தொண்டையில் தயாராக நின்றது. அதையும் எதிர்பார்த்து அவர் ஒரு காரணம் எழுதியிருப்பாரோ என்று திரையைப் பார்த்தேன். "ரிஸ்வானா," என்றேன். "பெயரை அழிச்சதும் நான்தான். அவவை வத்தேகமவுக்கு அனுப்பினதும் நான்தான்."

தலைவர் பதவி ரிஸ்வானாவுக்குப் போனது. அன்றே பஸ் ஏறிப் போய் மன்னிப்புக் கேட்டேன். சீமெந்துத் தூசி படிந்த முகத்தோடு அவர் கேட்டார்:

"அப்ப நீங்க வாசிக்கவே இல்லயா சேர்? நா ஒங்க பேர எடுத்துடுறேன்."

"வேண்டாம் பிள்ளை. அது அங்கேயே இருக்கட்டும். உம்மட பேரை மேலே போடுறன்."

போட்டேன். பிறகு அவருக்குக் கீழேதான் ஓய்வு பெறும்வரை வேலை செய்தேன். அவர் திட்டமிட்ட கட்டடங்களில் எந்தச் சுவரையும் உடைக்க நேரவில்லை. புதிதாகச் சேரும் ஒவ்வொரு பொறியியலாளரும் என்னைப் பார்க்கும் முன்பே என் பெயரை நன்றாக அறிந்திருந்தார்.

வீட்டிலும்தான். அலுமாரியை இந்த மூலைக்கு மாற்றலாமே என்று நான் இன்று வாய் திறந்தாலும், மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்பாள்.

"பொறுங்கோ, முதல்ல அறையை அளப்பம்."

"ஏன்?"

"குணரத்தினம் சேர்."