முதல் பரிசு பெற்ற குளம்

மாணவர் ஆராய்ச்சிக்கு ஊக்கமளிப்பது எங்கள் கல்லூரியின் தலையாய கடமை என்பதால், இந்த வருஷம் வட்டார உயிரியல் கருத்தரங்கை நாங்களே நடத்துவதென்று முடிவாயிற்று. பாடம் நடத்திக்கொண்டு சிவனேயென்று கிடந்த என்னையும் வரவேற்புக் குழுவில் பிடித்துப் போட்டார்கள்.

கருத்தரங்குக்கு ஒரு விதி உண்டு. முதல் பரிசு வாங்கும் ஆய்வு எந்த இடத்தில் நடந்ததோ, அந்த இடம் பாதுகாக்கப்பட்ட இடமாகிவிடும். எங்கள் மாணவி ஒருத்தி இதைத்தான் மலை போல நம்பியிருந்தாள். எங்களுக்கு அவள் 'தவளைக்காரி'. கல்லூரிக்குப் பின்னால் இருந்த குளத்துத் தவளைகள் எவ்வளவு கொசுவைத் தின்கின்றன என்று இரண்டு வருஷமாக முழங்கால் சேற்றில் நின்று பார்த்தவள். பரிசு வாங்கிக் குளத்தைக் காப்பாற்றியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

ஆனால் பாருங்கள், கருத்தரங்கு என்றால் பிரமுகர்கள் வருவார்கள். பிரமுகர்கள் வந்தால் கார் வரும். கார் வந்தால் நிறுத்த இடம் வேண்டும். ஒரு மாதம் முன்பே கல்லூரி முதல்வர் லாரி லாரியாக மண்ணடித்துக் குளத்தை மூடிவிட்டார். அவள் அழுதாள். எனக்கும் வயிற்றெரிச்சல்தான். ஆனால் வாயைத் திறக்கவில்லை, எனக்கும் வேலை நிலைக்க வேண்டாமா?

கருத்தரங்கு அன்று நடுவர் வந்து, சுவரில் மாட்டியிருந்த அவள் ஆய்வுப் படங்களை மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"பிரமாதம். குளம் எங்கம்மா?"

"உங்க வண்டி நிக்குதே சார், அதுக்குக் கீழ."

நடுவர் முதல்வரைப் பார்த்தார். முதல்வர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"இல்லாத குளத்தை எப்படிங்க பாதுகாக்கறது?" என்றார் நடுவர்.

"இருக்கற குளத்தைப் பாதுகாக்கறதுதான் சார் கஷ்டம்," என்றார் முதல்வர்.

நடுவருக்கு அது நியாயமாகப் பட்டது. முதல் பரிசு அவளுக்கே. சாப்பாட்டு இடைவேளைக்குள் கார்களுக்கு நடுவே பலகையும் நட்டாயிற்று: 'பாதுகாக்கப்பட்ட குளம். இங்கிருந்து ஒரு பிடி மண்ணும் எடுக்கக் கூடாது.'

"அப்ப மறுபடி தோண்ட முடியாதா சார்?" என்று கேட்டாள்.

"எப்படிம்மா முடியும்? பாதுகாக்கப்பட்ட இடமாச்சே," என்றார் முதல்வர் பரிவோடு.

சாயங்காலம் பரிசளிப்பு விழா. லாரிச் சக்கரம் பதிந்த பள்ளங்களிலெல்லாம் மழைத்தண்ணீர் தேங்கி, கொசு அமோகமாகப் பெருகியிருந்தது. இயற்கையைக் காப்பது பற்றிச் சிறப்பு விருந்தினர் வாயைத் திறந்ததுமே அரங்கம் முழுக்கப் படபடவென்று கைதட்டல். கையமர்த்திப் பார்த்தார், நிற்கவில்லை. மனிதர் நெகிழ்ந்துபோய், பத்து நிமிஷப் பேச்சை ஒரு மணி நேரத்துக்கு இழுத்தார். முதல்வரும் தட்டினார், நடுவரும் தட்டினார். என் பங்குக்கு நான் என் கன்னத்திலேயே ஒன்று வைத்துக்கொண்டேன்.

தவளைக்காரி மட்டும் கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"நீ ஏம்மா தட்டல?" என்றேன்.

"இவ்வளவு நாளா தவளைங்க பார்த்த வேலை சார் அது. இனிமே நீங்களே பாருங்க."